‘சி’யும் ‘டி’யும் ஒரே சர்வே நம்பர்தான்! ஓஎஸ் இன்ஸ்டாலர்கள் இதை ஏன் முதலிலேயே சொல்வதில்லை?

"அக்கா, டி டிரைவ்ல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். பெரம்பலூர் மாவட்டம் ரஞ்சன்குடியில் சித்தப்பா வீட்டுத் திண்ணை. சென்னை - திருச்சி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "இது என்ன கோட்டை?" என்று கேட்பார்களே, அந்தக் கோட்டை இருக்கிற ஊர். என் மடியில் ஒரு பழைய லேப்டாப். பக்கத்தில் காலேஜ் படிக்கும் தம்பி. திரையில் ஒரு லினக்ஸ் இன்ஸ்டாலர் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது. ‘எரேஸ் டிஸ்க்’ என்று ஒரு வட்டம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வட்டங்கள், புரியாத வார்த்தைகளுடன்.

"ஆகாதுடா. ஒரு டிஸ்க்கைத்தான் அழிக்கும்னு போட்டிருக்கு. நம்ம ஃபோட்டோ எல்லாம் டி-லதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அழுத்தினேன்.

இருபது நிமிடத்தில் லினக்ஸ் ஜம்மென்று வந்து நின்றது. டி டிரைவ்தான் வரவில்லை.

தங்கச்சி காதுகுத்து, சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா, நான் ஸ்கூல் யூனிஃபார்மில் எடுத்த முதல் செல்ஃபி என்று எல்லாமே அதில்தான் இருந்தது. அப்பாயி சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டே கோட்டைக் கதை சொன்ன நாலு நிமிட வீடியோவும் அதில்தான். அதை எடுத்த ஃபோன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அப்பாயி போய் இரண்டு வருஷம்.

டெக் செய்திகள் எழுதுகிற ஆள் நான். எனக்கே இப்படி ஆனது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைக்குத் திரும்பி நண்பர்களிடம் சொன்னபோது, பாதிப் பேர் "எனக்கும்தான்" என்றார்கள். அப்போதுதான் யோசித்தேன். இத்தனை பேர் ஒரே இடத்தில் வழுக்கி விழுந்தால், தப்பு காலிலா, தரையிலா?

*எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாடம்*

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போன யாருக்கும் இந்த வசனம் மனப்பாடம்: "முக்கியமானதை எல்லாம் டி-க்கு மாத்திடுங்க. சி-யை மட்டும் ஃபார்மேட் பண்ணித் தர்றேன்."

நம் ஊரில் ஒரு தலைமுறையே இந்த ஒரு வரியில்தான் கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கற்றது. சி என்றால் விண்டோஸ். டி என்றால் நம்முடையது. சி போகும், வரும். டி பத்திரம். விண்டோஸை விண்டோஸ் வைத்தே, கவனமாகத் திரும்பப் போடும்வரை இந்தப் பாடம் சரியாகவே வேலை செய்தது.

விண்டோஸும் அதையே உறுதிப்படுத்தியது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் ‘லோக்கல் டிஸ்க் சி’, ‘லோக்கல் டிஸ்க் டி’ என்று தனித்தனிப் பெட்டி, தனித்தனி நீலக் கோடு. இரண்டுக்கும் ‘டிஸ்க்’ என்றுதான் பெயர். அப்படியென்றால் லேப்டாப்புக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

பல லேப்டாப்களில் உள்ளே இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டாகக் காட்டுவது மென்பொருள். இன்ஸ்டாலர் ‘டிஸ்க்’ என்று சொல்லும்போது அந்த முழுப் பொருளையும் சொல்கிறது. நாம் அதே வார்த்தையைப் படித்துவிட்டு, பாதியை நினைத்துக்கொள்கிறோம்.

ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இடையில் நம் ஃபோட்டோக்கள்.

*பார்ட்டிஷன் என்றால் என்ன? சித்தப்பாவுக்குப் புரிந்த விதம்*

நடந்ததைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் விவசாயி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ‘பார்ட்டிஷன் டேபிள்’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். அதனால் அவர் பாஷையிலேயே முயன்றேன்.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு சர்வே நம்பர். 112 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 112/1, 112/2 என்று உட்பிரிவு போடுவது போலத்தான் பார்ட்டிஷன். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைத்திருக்கும் புல வரைபடம்தான் பார்ட்டிஷன் டேபிள். வரப்பை நகர்த்தினால் அது ரீசைஸ். வரைபடத்தில் ஒரு உட்பிரிவை அடித்தால் அது டெலிட். அப்போதும் வெள்ளாமை காட்டில் நின்றுகொண்டுதான் இருக்கும், யாருக்கும் பாதை தெரியாது, அவ்வளவுதான். ஃபார்மேட் என்பது புது விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்வது. அதன்மேல் புது ஓஎஸ் எழுதுவது, ஏர் ஓட்டி விதைப்பது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப சி-யும் டி-யும் ஒரே சர்வே நம்பரா?"

"ஆமாம் சித்தப்பா."

"அத மொதல்லயே சொல்ல மாட்டானா?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். மீதியை நான் விளக்குகிறேன்.

*இன்ஸ்டாலர் எந்தப் பெயரில் பேசுகிறது?*

ஊரில் யாரும் தன் நிலத்தை 112/2 என்று சொல்வதில்லை. ‘மேட்டுக்காடு’, ‘கெணத்துக்காடு’ என்பார்கள். சர்வே நம்பர் தாலுகா ஆபீஸுக்கு. காட்டின் பெயர் மனுஷனுக்கு.

இன்ஸ்டாலர் முழுக்க தாலுகா ஆபீஸ் பாஷை. லினக்ஸில் டிஸ்க்கின் பெயர் ‘எஸ்டிஏ’. அதன் மூன்றாவது பிரிவு ‘எஸ்டிஏ3’. புது வகை எஸ்எஸ்டி என்றால் ‘என்விஎம்இ0என்1பி3’. பென் டிரைவைச் செருகியிருந்தால் அது ‘எஸ்டிபி’ ஆகலாம். சில கம்ப்யூட்டர்களில் வரிசை மாறி பென் டிரைவே ‘எஸ்டிஏ’ ஆகிவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலரும் சளைத்தது இல்லை. வீட்டில் சி, டி என்று பழகிய நமக்கு அங்கே ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3’ என்று காட்டும். எது சி, எது டி என்று சைஸை வைத்து யூகிக்க வேண்டும்.

இதற்கு நடுவே நூறு, இருநூறு எம்பி-யில் ஒரு குட்டிப் பிரிவு இருக்கும். எழுத்தும் இருக்காது, பெயரும் இருக்காது. பார்த்தால் வேண்டாத குப்பை போலத் தோன்றும். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். எல்லாக் காட்டுக்கும் போகிற பொது வண்டிப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இடம் வேஸ்ட்டா கிடக்கே’ என்று அதை அழித்தால், காடு அப்படியே இருக்கும். போகத்தான் வழி இருக்காது. லேப்டாப் பூட் ஆகாது.

இவ்வளவையும் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் திரை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் எதிரே உட்கார்ந்திருப்பது தம்பி மாதிரி ஒருவர்.

*ஏன் இப்படி இருக்கிறது?*

இந்தத் திரைக்குப் பின்னால் 40 வருஷத்துப் பாரம்பரியம் இருக்கிறது. 1983-ல் ஐபிஎம் பிசி-களுக்கு வந்த டாஸ் 2.0-ல்தான் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும் முறை அறிமுகமானது. ஒரு டிஸ்க்கில் நாலு பிரிவுதான் போட முடியும். அன்று அதைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். இன்று புது லேப்டாப்களில் இருக்கும் ஜிபிடி முறையில் 128 பிரிவு வரை போடலாம். தொழில்நுட்பம் மாறிவிட்டது. திரையில் வரும் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: "எந்தப் பார்ட்டிஷன்?"

இன்னொரு காரணமும் இருப்பதாக நினைக்கிறேன். லேப்டாப் வாங்கும்போதே ஓஎஸ் போட்டுத்தான் வருகிறது. அதனால் பெரும்பாலானவர்கள் இன்ஸ்டாலரை வாழ்நாளில் பார்ப்பதே இல்லை. பார்ப்பதில் பாதிப் பேர் சர்வீஸ் கடைக்காரர்கள். மென்பொருளை எழுதுபவர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் காலி டிஸ்க்கில், அதாவது தரிசு நிலத்தில். தரிசில் ‘எல்லாவற்றையும் அழி’ என்பது ஆபத்தே இல்லாத பட்டன். வெள்ளாமை நிற்கிற காட்டில் அதே பட்டன் வேறு.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2006 ஜூனில் வந்த உபுண்டு 6.06, சிடி-யிலிருந்தே ஓஎஸ்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் மவுஸால் கிளிக் செய்து நிறுவும் வசதியைக் கொண்டுவந்தது. பின்னாளில் அதே இன்ஸ்டாலர், டிஸ்க்கை அழிக்கும் தேர்வுக்குக் கீழே ஒரு நல்ல எச்சரிக்கையையும் வைத்தது: எல்லா ஓஎஸ்-களிலும் உள்ள புரோகிராம், டாக்குமென்ட், ஃபோட்டோ, பாட்டு எல்லாம் போய்விடும் என்று. ‘ஃபோட்டோ’ என்ற சொல் அங்கே இருந்ததே பெரிய விஷயம். ஆனால் அது வட்டத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது.

மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஃபெடோரா ஒரு உதாரணம். 2013 ஜனவரியில் வந்த ஃபெடோரா 18, இன்ஸ்டாலரை அடியோடு மாற்றி எழுதியது. அதனாலேயே வெளியீடு பல வாரங்கள் தள்ளிப்போனது. வந்த பிறகும் பார்ட்டிஷன் திரைக்குத்தான் அதிகம் திட்டு விழுந்தது. ‘முடிந்தது’ என்ற பட்டன் மேலே இடது மூலையில் இருந்தது. வேலை முடிந்தவர் கீழே வலது பக்கம் தேடிக்கொண்டிருந்தார். 12 வருஷம் கழித்து, 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42-ல் மறுபடியும் புது இன்ஸ்டாலர். அது முதலில் பார்ட்டிஷனைப் பற்றிக் கேட்பதில்லை. முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளவா, ஏற்கெனவே இருக்கிற ஓஎஸ்ஸோடு பகிர்ந்துகொள்ளவா என்று நம் நோக்கத்தைக் கேட்கிறது. திசை சரி.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் ஒரு புதுச் சங்கதி. நிறுவும்போது ‘ஃபைல், ஆப், செட்டிங்ஸ் எல்லாம் அழிக்கப்படும், ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டத்தை டிக் செய்தால்தான் மேலே நகரும். எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் எந்த இடத்தில் நிறுவுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. எதை அழிக்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுக்கும் முன்பே கையெழுத்து வாங்கியாகிவிட்டது. இப்படி வாங்கும் சம்மதம் கம்பெனியைக் காப்பாற்றும். ஃபோட்டோவைக் காப்பாற்றுமா?

*உங்கள் ஃபோன் இதைச் சரியாகச் செய்கிறது*

ஆண்ட்ராய்டு ஃபோனில் ஃபேக்டரி ரீசெட் திரையை ஒருமுறை திறந்து பாருங்கள் (திறந்து பார்க்க மட்டும்!). கூகுள் அக்கவுன்ட், ஆப்கள், இசை, ஃபோட்டோ என்று போகப்போவதை வரிசையாகப் பட்டியல் போடும். எந்தெந்த அக்கவுன்ட்டில் உள்ளே இருக்கிறீர்கள் என்றும் காட்டும். பின் நம்பரைக் கேட்கும். ஃபோன் மொழி தமிழ் என்றால் இதெல்லாம் தமிழில் வரும்.

ஃபோனுக்குள்ளும் பார்ட்டிஷன்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரை விட அதிகமாகவே இருக்கும். ஆனால் அந்தத் திரை ஒரு இடத்தில்கூட அந்தச் சொல்லைச் சொல்லி நம்மைப் பயமுறுத்துவதில்லை. நமக்குத் தெரிந்த பொருளின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறது. கம்ப்யூட்டர் இன்ஸ்டாலரிடம் நான் கேட்பதும் இதை மட்டும்தான்.

‘நிச்சயமாகவா?’ என்று இரண்டு முறை, மூன்று முறை கேட்பது தீர்வாகாது. வடிவமைப்பாளர் ஜெஃப் ராஸ்கின் 2000-ல் வந்த தன் புத்தகத்திலேயே இதைப் பேசியிருக்கிறார். ஒரே மாதிரிக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் ‘ஆம்’ என்று அழுத்துவது கைப்பழக்கம் ஆகிவிடும். கேள்வியை யாரும் படிக்க மாட்டார்கள். குக்கீ பாப்-அப்பை நாம் எப்படித் தள்ளிவிடுகிறோம், அப்படித்தான்.

*"இதெல்லாம் சாதாரண ஆளுக்கு எதுக்கு?"*

நியாயமான கேள்வி. ஓஎஸ் போடுவது சர்வீஸ் கடை வேலை, அதைப் போய் எல்லாரும் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ஓஎஸ் அது. அதாவது, டூயல் பூட் என்ற வார்த்தையே தெரியாத லட்சக்கணக்கான பிளஸ் டூ பிள்ளைகளின் கைக்கு, பார்ட்டிஷன் போட்ட டிஸ்க் ஒன்று வந்தது. ஏன் ஆன் பண்ணியதும் இரண்டு பெயர் வருகிறது, எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. என் லேப்டாப்பை முதல் தடவை சர்வீஸ் கொடுத்தபோதே, "எதுக்கு ரெண்டு ஓஎஸ்?" என்று விண்டோஸ் மட்டும் வைத்துக் கொடுத்தார்கள்.

இப்போது மறுபடியும் அந்தக் கட்டத்தில் நிற்கிறோம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி சாதனம் தரும் திட்டத்தை 2025-26 தமிழக பட்ஜெட் அறிவித்தது. இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், புராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப் பலவற்றில் அது இல்லை. தூக்கிப் போட மனசில்லாதவர்களுக்கு லினக்ஸ்தான் கைக்கெட்டிய வழி. எங்கள் திண்ணையில் நடந்ததும் அதுதான். இன்ஸ்டாலர் திரையை முதல் தடவையாகப் பார்க்கப்போகிறவர்கள் இனிமேல்தான் அதிகம்.

அடுத்த குரல்: "பேக்கப் எடுக்காதது உன் தப்பு." ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதில் எடுப்பது? அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு 16 ஜிபி பென் டிரைவ். அதில்தான் இன்ஸ்டாலரை ஏற்றியிருந்தோம்! பேக்கப் எடு என்று அறிவுரை சொல்கிற இன்ஸ்டாலர்கள், அதை எடுக்க ஒரு பட்டன் தருவதில்லை.

*தமிழில் வந்தால் போதுமா?*

தமிழில் இன்ஸ்டாலர் என்பது புதுசு கிடையாது. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0, படங்களுடன் கூடிய இன்ஸ்டாலரைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் தமிழ், இந்தி, வங்காளம் மாதிரியான எழுத்துகள். வெறும் கறுப்புத் திரையில் இவற்றை ஒழுங்காகக் காட்ட முடியாது. இதற்காகக் காசு வாங்காமல் உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்குப் பெரிய வணக்கம்.

ஆனால் கலைச்சொல்லை மட்டும் மாற்றுவதால் பயம் தீராது. பார்ட்டிஷனுக்குச் சில மொழிபெயர்ப்புகளில் ‘பகிர்வு’ என்று இருக்கும். வாட்ஸ்அப் பழகிய கண்ணுக்குப் பகிர்வு என்றால் ஷேர் செய்வது. ‘பகிர்வை அழிக்கவா?’ என்று கேட்டால் தம்பி என்ன நினைப்பான்? ஏதோ ஷேர் பண்ணியதை அழிக்கச் சொல்கிறது என்றுதான் நினைப்பான்.

தமிழில் வர வேண்டியது விளைவு. "இந்த லேப்டாப்பில் இருக்கும் எல்லா ஃபோட்டோவும் வீடியோவும் போய்விடும். டி டிரைவும் போய்விடும். திரும்ப எடுக்க முடியாது." இவ்வளவுதான். இதில் ஒரு கலைச்சொல்கூட இல்லை.

*என்ன மாற வேண்டும்?*

நான் கேட்பது நாலே நாலு.

ஒன்று, அழிக்கும் முன் உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘இதில் விண்டோஸ் இருக்கிறது, சி, டி என்று நீங்கள் பார்த்த இரண்டும் இதற்குள்தான், டி-யில் இத்தனை ஃபோட்டோ இருக்கிறது’ என்று. டிஸ்க்கில் விண்டோஸ் இருப்பதைப் பல இன்ஸ்டாலர்கள் ஏற்கெனவே கண்டுபிடிக்கின்றன. இன்னும் ஒரு படிதான். விண்டோஸ் பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் உள்ளே பார்க்க முடியாது, உண்மை. அப்போது ‘என்னால் பார்க்க முடியவில்லை, உள்ளே உங்கள் ஃபைல்கள் இருக்கலாம்’ என்று அதையே சொல்லட்டும்.

இரண்டு, காலி டிஸ்க்கும் நிறைந்த டிஸ்க்கும் ஒரே திரையைக் காட்டக் கூடாது. காலி என்றால் ஒரே பட்டன் போதும். ஃபைல் இருந்தால், அழிக்கும் தேர்வு முதல் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மூன்று, கடைசிப் பட்டனில் ‘தொடர்க’ என்று எழுதக் கூடாது. ‘465 ஜிபி-யை அழித்துவிட்டு நிறுவு’ என்று எழுத வேண்டும். விரல் தொடும் இடத்தில்தான் கண் இருக்கும்.

நான்கு, அரசு லேப்டாப் கொடுத்தால், கூடவே தமிழில் ஒரு நாலு பக்கம் கொடுங்கள். உள்ளே எத்தனை பார்ட்டிஷன், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, வந்தபடியே திரும்ப மாற்றுவது எப்படி. பக்கத்தில் கேரளா, பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு லினக்ஸைத் தயாரித்து, ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறது. நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களும், 2012-லிருந்து தமிழில் எழுதிவரும் ‘கணியம்’ இதழும் இருக்கின்றன. இதே சென்னை நெடுஞ்சாலையில்தான் விழுப்புரமும் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகள் வருஷத்துக்கு ஒரு நாள் ‘இன்ஸ்டால் ஃபெஸ்ட்’ நடத்தினால், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரலாம்.

மேனுவல் பார்ட்டிஷன் வேண்டும் என்கிற நிபுணர்களுக்கு அது இருக்கட்டும். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அது உள்ளே ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தாலும் அவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

*அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை*

1. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். சி-யும் டி-யும் ‘டிஸ்க் 0’ என்ற ஒரே வரிசையில் இருந்தால், இரண்டும் ஒரே சர்வே நம்பர்.

2. டி டிரைவ் பேக்கப் ஆகாது. லேப்டாப்புக்கு வெளியே இருப்பதுதான் பேக்கப். நண்பரின் ஹார்ட் டிஸ்க்கோ, கிளவுடோ, எதுவானாலும்.

3. பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரெகவரி கீ-யை எழுதி வையுங்கள், லேப்டாப்புக்குள் அல்ல, காகிதத்தில்.

4. இரண்டு ஓஎஸ் வேண்டும் என்றால், முதலில் விண்டோஸிலேயே டி-யைச் சுருக்கிக் கொஞ்சம் காலியிடம் விடுங்கள். பிறகு இன்ஸ்டாலரில் அந்தக் காலியிடத்தை மட்டும் காட்டுங்கள். தேவையில்லாத பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

5. கடைசியில் வரும் சுருக்கத் திரையை ஃபோனில் படம் எடுத்து, நிதானமாகப் படியுங்கள். பெயரைப் பார்க்காதீர்கள், சைஸைப் பாருங்கள். பெரும்பாலான இன்ஸ்டாலர்கள் அந்தக் கடைசிப் பட்டன் வரை டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை. சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

6. தப்பு நடந்துவிட்டதா? உடனே ஆஃப் செய்யுங்கள். மேலும் எதையும் அதில் சேமிக்காதீர்கள். ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவசக் கருவிகள் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை இருக்கிறது. எஸ்எஸ்டி என்றால் மிகக் குறைவு. ஃபார்மேட் செய்யும்போதே ‘இந்த இடமெல்லாம் இனி காலி’ என்று எஸ்எஸ்டி-க்குத் தகவல் போய்விடும், அதுவும் சுத்தமாகத் துடைத்துவிடும்.

*திண்ணைக்குத் திரும்புவோம்*

எங்கள் லேப்டாப்பில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். அதுதான் அதிர்ஷ்டம். கழற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, இரண்டு ராத்திரி ஃபோட்டோரெக் ஓட்டினேன். ஆயிரக்கணக்கில் படங்கள் திரும்பி வந்தன. ஆனால் ஃபோல்டர் இல்லை, ஃபைல் பெயர் இல்லை. எல்லாமே வெறும் நம்பர். காதுகுத்துப் படத்துக்கு அடுத்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குட் மார்னிங், அதற்கு அடுத்து பாதி அறுந்த பொங்கல் பானை.

அதையெல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். சாயங்காலம் காட்டிலிருந்து வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இது எந்த வருஷம், இது யார் வீட்டு விசேஷம் என்று சொல்கிறாராம். தம்பி ஃபோல்டர் போடுகிறான். இதுவரை 2014 வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

வீடியோக்களில் சிலதுதான் வந்தன. வெங்காயத் தாள் அறுக்கும் அந்த வீடியோ ஓடவில்லை. ஃபைல் இருக்கிறது, திறந்தால் கறுப்பாக நிற்கிறது. தம்பி அதை இன்னும் அழிக்கவில்லை.